கார் பெயின்ட்டில் ஸ்வர்ல் மார்க் தேடப்போகிறீர்களா? முதலில் விளக்கை அணையுங்கள்

ஒரு கறுப்புக் காருக்கு முதன்முதலாக நானே பாலிஷ் போட்ட அன்று, ஷெட்டில் நாலு டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, பானட் கண்ணாடி மாதிரி மின்னியது. மறுநாள் காலை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை. ராத்திரியில் யாரும் வந்து கீறிவிட்டுப் போகவில்லை. எல்லாம் முந்தின நாளே அங்கேதான் இருந்தது, டியூப் லைட் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்வர்ல் மார்க் என்பது பெயின்ட்டின் நிறத்துக்குள் இல்லை. அதற்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத பூச்சு ஒன்று இருக்கிறதே, அதில் விழும் மெல்லிய கீறல்கள்தான். தூசியோடு துணி போட்டுத் துடைத்தால், மண் ஒட்டிய ஸ்பாஞ்சால் தேய்த்தால் வரும். நிறையக் கார்களில் இந்தப் பூச்சின் தடிமன் 35 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போகும். அதனால்தான் எங்கே கீறல் இருக்கிறது என்று பார்க்காமல் மெஷினைக் கையில் எடுக்கக் கூடாது என்கிறேன்.

டியூப் லைட் ஏன் காட்டவில்லை? நீளமான விளக்கு, வெள்ளைச் சுவர், மேகம் மூடிய வானம் எல்லாமே பல திசையிலிருந்து ஒளியைக் கொட்டுகின்றன, அந்தப் பிரதிபலிப்பு வெளிச்சத்தில் மெல்லிய கீறல் அமுங்கிவிடுகிறது. ஒற்றைப் புள்ளியாக வரும் ஒளி அப்படியில்லை. வழவழப்பான இடம் அதை ஒரே திசைக்குத் திருப்பிவிட, கீறலின் ஓரம் மட்டும் கொஞ்சத்தைக் கண் பக்கம் சிதறடிக்கும், சுற்றிலும் இருட்டாக இருப்பதால் அந்தச் சின்னக் கோடு பளிச்சென்று தெரியும். ஆக, விளக்கு எவ்வளவு பெரியது என்பதல்ல, எவ்வளவு சிறியது என்பதுதான் விஷயம்.

1. கழுவித் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்

நன்றாகக் கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். வாக்ஸும் பாலிஷில் இருக்கும் எண்ணெயும் கீறலுக்குள் போய் உட்கார்ந்து அதை மறைத்துவிடும் என்பதால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 10 முதல் 20 சதவீதம் கலந்து லேசாகத் தெளித்துத் துடைத்தால்தான் உண்மையான நிலவரம் தெரியும். நிழலில், பேனல் (பானட், கதவு மாதிரி வண்டியின் ஒவ்வொரு தகட்டுப் பகுதியும்) குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பேனலில் மட்டும் வேண்டாம்.

2. இருட்டாக்குங்கள்

ஷட்டரை இறக்கி, மேலே இருக்கும் விளக்கையெல்லாம் அணைத்துவிடுங்கள். ஷெட் இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு பாருங்கள்.

3. விளக்கு

ஆரம்பத்துக்குக் கையில் இருக்கும் போனின் ஃப்ளாஷ் போதும், நிஜமாகவே போதும். வாங்குவதென்றால் ஒரே ஒரு எல்இடி உள்ள, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டார்ச்சாகப் பாருங்கள். வரிசையாகப் பல எல்இடி பதித்த பட்டை விளக்கு பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் பேனலில் பத்து வெள்ளைப் புள்ளி விழுந்து கண்ணைக் குழப்பும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களுக்கு 5000 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, விளக்கின் பெட்டியில் இருக்கும்) மேல் உள்ள வெள்ளை ஒளி. வெள்ளைக்கும் சில்வருக்கும் மஞ்சள் சாய்ந்த ஒளியை, அதுவும் கொஞ்சம் குறைத்து வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. வெள்ளைக் காரில் கீறலே விழாது என்று நம்புகிறவர்கள் இதைச் செய்துபார்த்துவிட்டுப் பேசட்டும்.

4. பிடிக்கும் விதம்

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். டார்ச்சைப் பேனலிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பிடியுங்கள். பளீரென்று தெரியும் நடுப்புள்ளியைப் பார்க்காதீர்கள், கண்தான் கூசும், அதைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரியும். இப்போது டார்ச்சை ஒரு சாண் நகர்த்துங்கள். வட்டமும் கூடவே நகர்கிறதா? ஸ்வர்ல் என்று பேர் இருந்தாலும் கீறல்கள் வட்டமாக இருக்க வேண்டியதில்லை, கன்னாபின்னாவென்று எல்லாத் திசையிலும் கிடக்கின்றன, அதில் ஒளிப்புள்ளியைச் சுற்றி வளைய வருவதுபோல் கிடப்பவை மட்டும் அந்த நேரத்தில் ஒளிர்கின்றன. மற்றவை அங்கேயே இருந்தும் தெரிவதில்லை. அதனால் ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விட முடியாது. விளக்கை இடமும் வலமும் மேலும் கீழும் மெதுவாக நகர்த்துங்கள், அப்புறம் விளக்கை நிறுத்திவிட்டுத் தலையை நகர்த்துங்கள். கதவுகளைக் குனிந்து அல்ல, உட்கார்ந்தே பாருங்கள். கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழியை மறக்காதீர்கள், நகக் கீறல் முழுக்க அங்கேதான் இருக்கும்.

5. தெரிவது என்ன?

சிலந்தி வலை மாதிரி நெருக்கமாக, மெலிதாக இருந்தால் ஸ்வர்ல். டார்ச்சை எங்கே நகர்த்தினாலும் விடாமல் தெரியும் தனிக்கோடு ஆழமான கீறல். அதன் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள், நகம் தட்டினால் பாலிஷில் முழுசாகப் போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை அசைக்கும்போது பட்டை பட்டையாகப் புகை ஓடுவதுபோல் தெரிந்தால் ஹாலோகிராம், ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பாலிஷ் மெஷினைச் சரியாகக் கையாளாததன் தடயம். வட்ட விளிம்போடு தனித்தனிப் பொட்டுகள் தண்ணீர்க் கறை. ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம் தெரிந்தால் அது பெயின்ட் படிந்த விதம், கீறலோடு சேர்க்காதீர்கள். அதைப் பார்க்க மட்டும் டியூப் லைட்தான் சரி, பிரதிபலிப்பின் ஓரம் நெளிந்து தெரியும்.

6. குறித்துவைத்து, சோதித்துப் பாருங்கள்

மோசமான இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். போட்டோ எடுக்கும்போது கீறல் தெரியும் இடத்தில் திரையைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்ச அளவைக் கீழே இறக்குங்கள், இல்லையென்றால் வெள்ளைத் திட்டு மட்டும்தான் பதியும். பானட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப்பால் பிரித்து அதற்குள் மட்டும் பாலிஷ் போட்டு, திரும்பவும் ஆல்கஹால் கலவையால் துடைத்து, அதே டார்ச், அதே தூரம், அதே இருட்டில் பாருங்கள். துடைக்காமல் பார்த்தால் எண்ணெய் உங்களை ஏமாற்றிவிடும், என்னை ஏமாற்றியதும் அதுதான் பாதி.

அந்தச் சதுரம் சரியாக வந்தால், மீதியைத் தொடுவதற்கு முன் வண்டியை ஒருமுறை வெயிலுக்கு நகர்த்துங்கள். சூரியனை முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடங்கள். ஷெட்டில் தப்பிய ஹாலோகிராம் வெயிலில் தப்பாது. மேகமாக இருந்தால் டேப்பைப் பிரிக்காமல் விட்டுவிட்டு, வெயில் வந்ததும் பாருங்கள்.