ஸ்லைப்னரை வைத்துப் பழகுவோம்: நிலத்தடியில் செலுத்திய கார்பன் டை ஆக்சைடின் போக்கைக் கணிப்பது எப்படி?

நிலத்தடி உவர்நீர்த்தாங்கிக்குள் (உப்புநீர் நிறைந்த, துளைகளுள்ள பாறை அடுக்குக்குள்) செலுத்தப்படும் கார்பன் டை ஆக்சைடு எந்த வழியே நகரும், எங்கே தங்கும் என்பதைக் கணினியில் கணிக்கப் பழகுவோருக்கு நார்வேயின் ஸ்லைப்னரைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. வட கடலில் உள்ள அந்த எரிவாயு வயலில், எரிவாயுவோடு 9 விழுக்காடு வரை கலந்து வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, 1996 முதல் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வீதம் உட்சிரா என்னும் மணற்கல் அடுக்குக்குள் செலுத்தினார்கள். அதன் கணினி மாதிரிக்கான தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன. நம் விடை தேறியதா என்று ஒப்பிட நில அதிர்வுப் படங்களும் (நிலத்துக்குள் அனுப்பிய அதிர்வலைகளின் எதிரொலியால் வரைந்தவை) இருக்கின்றன. பள்ளி இயற்பியலும் கொஞ்சம் நிரல் எழுதிய பழக்கமும் இருந்தால் போதும்.

முதல் படி: தாளும் பேனாவும்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் கையால் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் சுமார் 8 மெகாபாஸ்கல். கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலைப் புள்ளி (வாயு, திரவம் என்ற வேறுபாடு மறையும் நிலை) 31 டிகிரி செல்சியஸ், 7.4 மெகாபாஸ்கல் என்பதால், இந்த ஆழத்துக்குக் கீழே அது வாயுவாக இல்லாமல் திரவத்துக்கு நெருங்கிய அடர்த்தியோடு இருக்கும். செலுத்து கிணற்றின் முனை ஏறத்தாழ 1,010 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே கன மீட்டருக்கு 650 கிலோ என்று கொள்ளலாம். உவர்நீருக்கோ 1,020 கிலோ. இந்த வேறுபாடே அதை மேலே தள்ளும் விசை.

இனி, துளைகளுள்ள பாறையில் பாய்மம் எவ்வளவு விரைவாக ஓடும் என்று சொல்லும் டார்சி விதி. ஊடுருவு திறன் (பாறை பாய்மத்தை விடும் அளவு) 2 டார்சி, நுண்துளைமை (பாறையில் துளைகளின் பங்கு) 36 விழுக்காடு, கார்பன் டை ஆக்சைடின் பாகுநிலை 0.06 மில்லிபாஸ்கல்-வினாடி என்று வையுங்கள். அடர்த்தி வேறுபாட்டைப் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் ஊடுருவு திறனாலும் பெருக்கி, பாகுநிலையாலும் நுண்துளைமையாலும் வகுத்தால், மேலேறும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் என்று வரும். துளைகளில் உவர்நீரோடு இடத்தைப் பங்கிட வேண்டியிருப்பதால் அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், 200 மீட்டர் உயரத்தை இரண்டரை மாதத்துக்குள் கடந்துவிட வேண்டும். ஆனால் செலுத்தத் தொடங்கி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 1999இல் எடுத்த படத்தில்தான் அது உச்சி அடுக்கைத் தொட்டிருந்தது தெரிந்தது. இடையில் தடுத்தவை பெரும்பாலும் ஒரு மீட்டர் தடிப்பே உள்ள களிப்பாறைப் படலங்கள். அவற்றின் அடியில் தேங்கித் தேங்கி, ஒன்பது அடுக்குகளாகப் பரவியபடியே அது ஏறியது. கிணற்றுப் பதிவில் (கிணற்றுக்குள் இறக்கிய கருவிகளின் அளவுப் பதிவில்) மெல்லிய கோடாகத் தெரியும் ஒன்றை மாதிரியில் விட்டுவிட்டால் விடை எவ்வளவு விலகும் என்பதை இந்தக் கைக்கணக்கே காட்டிவிடுகிறது.

இரண்டாம் படி: கூரையின் வடிவம்

ஒன்பது அடுக்குகளையும் தொடக்கத்திலேயே கையில் எடுக்க வேண்டாம். உச்சி அடுக்கு மட்டும் போதும். நார்வேயின் சின்டெஃப் நிறுவனம் இலவசமாக வழங்கும் எம்.ஆர்.எஸ்.டி (MRST) என்னும் நிலத்தடி ஓட்டக் கணிப்பு மென்பொருள் தொகுப்பை மேட்லாபிலோ ஆக்டேவிலோ நிறுவி, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆய்வகப் பகுதியைத் திறந்து, மூடுபாறையின் (மேலே மூடியிருக்கும், கசியவிடாத பாறையின்) அடிப்பரப்பை ஏற்றுங்கள். நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், பொறிகளை (கார்பன் டை ஆக்சைடு சிக்கித் தங்கும் இடங்களை) மட்டும் முதலில் கண்டறியச் சொல்லுங்கள். தலைகீழாகக் கவிழ்த்த கண்மாய்ச் சங்கிலியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும்: கூரையின் ஒரு குவிமாடம் நிரம்பியதும், அதன் கலங்கு வழியே வழிந்து அடுத்த குவிமாடத்துக்கு ஏறும். பாதைகள் வரைபடமாகவே கிடைத்துவிடும். என் கருத்தில், நுட்பமான சமன்பாடுகளைவிட இந்த வரைபடமே தொடக்கநிலையினருக்கு அதிகம் கற்றுத்தரும்.

மூன்றாம் படி: காலத்தோடு ஓட்டுதல்

மேலேறுதல் விரைவு, பக்கவாட்டில் பரவுதல் மெதுவு என்பதால், ஒவ்வோர் இடத்திலும் கார்பன் டை ஆக்சைடு மேலேயும் உவர்நீர் கீழேயும் பிரிந்து நின்றுவிட்டதாகக் கொள்ளலாம். செங்குத்துச் சமநிலை எனப்படும் இந்த எளிமையாக்கம் முப்பரிமாணக் கணக்கை இரு பரிமாணமாகச் சுருக்குவதால், சாதாரண மடிக்கணினியே தாங்கும். மாதிரியின் எல்லைகளைத் திறந்தே வையுங்கள், அதாவது நீர் வெளியேற விடுங்கள். உட்சிரா மிகப் பரந்தது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பாரன்ட்ஸ் கடலின் ஸ்னோவிட் வயலில், டூபோன் அடுக்கில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட ஏறியதால், 2011இல் செலுத்துவதை ஸ்டோ அடுக்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

நான்காம் படி: எங்கே எவ்வளவு சிக்கியது?

குவிமாடங்களில் தங்கியது ஒரு கணக்கு. கார்பன் டை ஆக்சைடு விலகிச் செல்லும் இடத்தில் நீர் திரும்ப நுழைந்து துண்டித்துவிடும் துளிகள் இன்னொரு கணக்கு. இதற்கு லேண்ட் சூத்திரம் உண்டு: தொடக்கச் செறிவை (துளை இடத்தில் கார்பன் டை ஆக்சைடு முதலில் நிரப்பியிருந்த பங்கை), ஒன்றோடு லேண்ட் மாறிலியையும் தொடக்கச் செறிவையும் பெருக்கிக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். மாறிலி 2, தொடக்கச் செறிவு 0.8 எனில் துளை இடத்தில் 0.31 பங்கு அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு அசையாமல் நின்றுவிடும். செலுத்திக்கொண்டிருக்கும் காலத்தில் இது சிறிதாகவே தெரியும். நிறுத்திய பின்னரே வளரும். ஆகவே ஓட்டத்தைச் சில நூற்றாண்டுகளுக்கு நீட்டுங்கள். நீரில் கரைவது மூன்றாவது கணக்கு. கரைந்த நீர் சற்றுக் கனமாகி விரல்விரலாகக் கீழிறங்கும். அந்த விரல்களை நம் மாதிரியின் கட்டங்கள் பிடிக்க மாட்டா என்பதால், ஒரு சராசரிக் கரைவீதத்தைக் கொடுத்துவிடுவதே நடைமுறை.

ஐந்தாம் படி: படத்தோடு ஒப்பிடுதல்

நில அதிர்வுப் படத்தில், உச்சி அடுக்கின் கார்பன் டை ஆக்சைடு ஒரு மேட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கே நாக்கைப்போல் நீண்டிருக்கும். உங்கள் விடையில் அது குட்டையாக இருந்தால் வியப்பில்லை. ஆய்வாளர்கள் பலரின் மாதிரிகளும் இங்கேதான் திணறின. முதலில் வெப்பநிலையை ஒன்றிரண்டு டிகிரி ஏற்றிப் பாருங்கள். மாறுநிலைப் புள்ளிக்கு அருகில் அந்தச் சிறு மாற்றமே அடர்த்தியைக் கணிசமாகக் குறைக்கும். அதன் பிறகு வெப்பநிலையைப் பழையபடி வைத்து, ஊடுருவு திறனை மட்டும் உயர்த்துங்கள். கடைசியாகக் கூரையின் மேடுபள்ளங்களைச் சில மீட்டர் அளவுக்குத் திருத்துங்கள். உச்சி அடுக்கில் தங்கியிருப்பதன் தடிப்பே சில மீட்டர்தான் என்பதால், ஆழக் கணிப்பில் அந்த அளவு பிழை இருந்தாலும் நாக்கு வேறு திசையில் நீண்டுவிடும்.