அவருக்காக வீட்டை அளப்பது எப்படி

நான் கட்டடக் கலைஞன். அவர் முன்னாள் ராணுவ வீரர். தாய்லாந்து எல்லைக் காட்டில் கண்ணிவெடியில் வலது காலை முட்டிக்கு மேலே இழந்தவர். மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் இருவரும் ஒன்றாக வாழ்கிறோம். நீங்களும் இப்படி ஒருவரை நேசித்தால், வரைபடத்தை மூடி வைத்துவிட்டு முதலில் அவரை அளவெடுங்கள்.

இரவில் அளவெடுங்கள். பகலில் செயற்கைக் காலோடு நடப்பவரை மனதில் வைத்துத்தான் நான் குளியலறையை வரைந்தேன். காலைக் கழற்றிய பிறகு அவருக்குச் சக்கர நாற்காலிதான். 70 சென்டிமீட்டர் கதவில் அது முட்டி நின்றது. ஒன்றும் சொல்லாமல் இறங்கித் தவழ்ந்து போனார். அந்த வாரமே கதவை 90 ஆக்கினேன். உள்ளே நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் வட்டம் வேண்டும்.

வாசற்படி 15 சென்டிமீட்டர் உயரமென்றால் சாய்தளம் 180 நீளம். பழைய பூ ஓடுகளை உடைக்க மனம் வராமல், எடுத்து வைக்கிற மாதிரி மரத்தில் செய்தேன். பினாங்கு மழைக்குப் பாசி பிடிக்கும். சொரசொரப்பான பட்டை ஒட்டுங்கள்.

கைப்பிடிக்கு அவரை உட்காரச் சொல்லுங்கள். கை தானாக எங்கே போகிறதோ, அங்கே பென்சிலால் குறியுங்கள். திருகாணி செங்கல்லில் இறங்க வேண்டும்.

கேட்காமல் தூக்காதீர்கள். “டேய், கைய மட்டும் குடு” என்பார். கையை மட்டும் கொடுப்பேன்.

கழற்றிய காலை அவர் கட்டிலில் என் பக்கமாகச் சாய்த்து வைப்பார். அதற்கும் ஒரு முழம் இடம் விட்டுக் கட்டிலைப் போடுங்கள்.