அறுபதில் உதறிய ஜீப்

எங்கள் பழைய ஃபோர் வீல் ஜீப்பில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு பாலத்து இணைப்பு தட்டினால் போதும், ஸ்டீயரிங் கையை உதறிவிடும். 40-க்குக் கீழே இறக்கினால்தான் அடங்கும். திருமங்கலம் நாலுவழிச் சாலையில் பின்னால் பஸ் நெருக்கிக்கொண்டு வரும்போது அப்படி வேகம் குறைப்பது ஆபத்து. பயந்துதான் ஓட்டினேன்.

நாலு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர் வீல் லீவர் மாட்டியிருக்கும் என்றார் ஒருவர். பார்த்தேன், டூ வீலில்தான் இருந்தது. வீல் பேலன்சிங், அலைன்மென்ட், முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடு கம்பிக்குப் புது எண்ட், எதிலும் மாற்றமில்லை. ஸ்டீயரிங் உதறலை உள்வாங்கும் ஷாக் அப்சார்பர் போன்ற டாம்பரைப் புதிதாகப் போட்டதும் பத்து நாள் அடங்கியது. அதுதான் என்னை ஏமாற்றியது. டாம்பர் நடுக்கத்தை மறைக்கும், காரணத்தைத் தீர்க்காது.

கடைசியில் மேலூர்ப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவர் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லேசான ஆட்டம். வீல் பேரிங் என்றேன்.

"தம்பி, ஏறி பிரேக்கை மிதிங்க."

மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை. வீல் பேரிங் ஆட்டம் என்றால் பிரேக் பிடித்ததும் நின்றுவிடும். நிற்காவிட்டால், முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். கழற்றினால் பேரிங் குழிவிழுந்து கிடந்தது. புதிது போட்டு, டை ராடை விலக்கிவிட்டு, ஸ்பிரிங் தராசை மாட்டி சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளை இழுத்துப் பார்த்தபடியே, பேரிங் இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். தகடு குறைந்தால் இறுக்கம் கூடும். அளவு மீறினால் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேராகாது. கைக்கணக்கில் இதைச் செய்ய விடாதீர்கள்.

அன்று மாலையே கப்பலூர் வரை 70-இல் போனேன். அதே பாலத்து இணைப்பில் ஸ்டீயரிங் அசையவில்லை.