குழாயே இல்லாத பார்க்கிங்கில் பிரஷர் வாஷர்: டிரம் வைத்து செட் செய்யும் முறை

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கார் கழுவும் பிரஷர் வாஷர் வாங்கியாகிவிட்டது, ஆனால் கார் நிற்கும் இடத்தில் தண்ணீர் இல்லை. சென்னை அபார்ட்மெண்ட்களில் இது சர்வசாதாரணம். ஸ்டில்ட் பார்க்கிங்கில் தூணுக்குத் தூண் லைட் இருக்கும், ஒரு பிளக் பாயிண்ட்கூட இருக்கும், குழாய் மட்டும் மோட்டார் ரூம் பக்கம் எங்கேயோ இருக்கும், அதற்கும் ஒரு பூட்டு. அதனால் எல்லோரும் செய்வது, ஒரு வாளி நிறைய தண்ணீர் வைத்து, மெஷினோடு வந்த உறிஞ்சு குழாயை அதில் போட்டு ஸ்விட்சைத் தட்டுவது. ஐந்து நிமிடம் சத்தம் வரும், தண்ணீர் வராது, மெஷின் ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

மெஷின் ரிப்பேர் இல்லை. வீட்டு உபயோக வாஷர்களில் இருப்பது சின்ன பிஸ்டன் பம்ப். தள்ளுவதில் அது சூரன், 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் தள்ளும். இழுப்பதில் சோம்பேறி. கீழே இருக்கும் தண்ணீரை அரை மீட்டர் உயரத்துக்கு இழுத்தாலே பெரிய விஷயம். அதிலும் வழியில் ஒரு ஜாயிண்ட் லேசாகத் தளர்ந்திருந்தால் போதும், ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதைதான், காற்றுதான் வரும். எனவே மெஷினை இழுக்க வைக்காதீர்கள். டிரம்மை மெஷினுக்கு மேலே ஏற்றிவிடுங்கள், தண்ணீர் தானாக இறங்கட்டும். இந்தப் பதிவில் மற்றதெல்லாம் இதற்குத் துணைதான்.

டிரம்மும் சாமான்களும்

நீல நிற பிளாஸ்டிக் டிரம், 100 லிட்டர், வாய் அகலமானது. வாய் அகலம் முக்கியம், ஏனென்றால் உள்ளே கைவிட்டு நட்டை முறுக்க வேண்டியிருக்கும். பழைய டிரம் வாங்கினால் முன்பு உள்ளே என்ன இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள், கெமிக்கல் வாடை வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். 100 லிட்டர் போதுமா என்றால், இந்த மெஷின்கள் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர்தான் குடிக்கும், ட்ரிகர் அழுத்தியிருக்கும் நேரம் மட்டும்தான் கணக்கு. ஒரு காருக்குப் பத்து நிமிடம் அழுத்தினால் 60, 70 லிட்டர். போதும்.

அப்புறம் ஹார்ட்வேர் கடையில் முக்கால் இஞ்ச் டேங்க் நிப்பிள் (டிரம் சுவரில் மாட்டும் மரையுள்ள குழாய்த்துண்டு), பால் வால்வு (திறந்து மூடும் வால்வு), ஹோஸ் காலர் (ஹோஸைச் செருகும் துண்டு), ஸ்டீல் கிளிப், டெஃப்லான் டேப், இரண்டு மீட்டர் நூல் பின்னிய ஹோஸ். கடைக்காரர் அரை இஞ்ச் போதும் சார் என்பார். கேட்காதீர்கள். டிரம் பாதி காலியானதும் தண்ணீரின் அழுத்தம் குறையும், அரை இஞ்சில் அப்போது வரும் தண்ணீர் மெஷினுக்குப் பற்றாக்குறையாகிவிடும். செடிக்கு ஊற்றும் மெல்லிய ஹோஸும் வேண்டாம், வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும்.

மெஷின் எதை வாங்குவது என்று கேட்டால், பெட்டியில் போட்டிருக்கும் பார் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், அது பெரும்பாலும் உச்ச அழுத்தம், வேலை செய்யும் அழுத்தம் அதைவிடக் குறைவு. நான் பார்ப்பது பிரஷர் ஹோஸின் நீளமும் ஸ்பேர் கிடைக்கிறதா என்பதும்தான். ஐந்து மீட்டர் ஹோஸ் என்றால் காரைச் சுற்றி மெஷினையும் இழுத்துக்கொண்டே திரிய வேண்டும், இங்கே டிரம் வேறு நகராது. எட்டு மீட்டராவது இருக்கட்டும். பேட்டரி துப்பாக்கி வகையறா எனக்குப் பிடிக்காது. சைக்கிளுக்கும் ஜன்னல் வலைக்கும் பரவாயில்லை, மழைக்காலத்துச் சேறு ஒட்டிய வீல் ஆர்ச்சில் அது பூவாளிதான்.

டிரம்மில் ஓட்டை போடுவது

அடியிலிருந்து நான்கு விரற்கடை மேலே குறித்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக அடியில் போட்டால் தங்கும் மண்ணெல்லாம் நேரே பம்புக்குள் போகும். நிப்பிளின் மரை எவ்வளவு தடிமனோ அதே அளவு ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்ட ஓட்டை வெட்டும் ரம்பம்). பெரிசாகப் போட்டுவிட்டு சீலண்ட் பூசிச் சரிக்கட்டலாம் என்று நினைத்தால் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். ஓட்டையின் விளிம்பில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சுத்தமாகச் சீவிவிட்டு, ரப்பர் வாஷர் டிரம்மோடு படியும்படி நட்டைக் கையால் முறுக்கி, பிறகு ஸ்பானரில் கால் சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் வாஷர் பிதுங்கி வெளியே வந்துவிடும். டெஃப்லான் டேப் நிப்பிள், வால்வு, ஹோஸ் காலர் ஒன்றோடொன்று சேரும் மரைகளுக்கு மட்டும்.

டிரம்மை வைக்க நான்கு ஹாலோ பிளாக், இரண்டின் மேல் இரண்டு. நிறைந்த டிரம் நூறு கிலோ, பிளாஸ்டிக் ஸ்டூலில் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். மெஷின் தரையில் இருக்கட்டும்.

காற்றை வெளியேற்றுவது

என்னை அதிகம் அலைக்கழித்த இடம் இது. டிரம் மேலே, மெஷின் கீழே, வால்வு திறந்தாயிற்று, எல்லாம் சரி, ஆனாலும் துப்பாக்கி விட்டுவிட்டு உதைக்கிறது, மோட்டார் சத்தம் கரகரவென்று மாறுகிறது. உள்ளே காற்று. துப்பாக்கியை மாட்டிக்கொண்டு மோட்டாரை ஓட்டினால் அந்தக் காற்று சீக்கிரம் போகாது, முனையில் இருக்கும் நாசில் துளை அவ்வளவு சின்னது.

முதலில் மெஷினின் வெளிவாயில் மாட்டியிருக்கும் பிரஷர் ஹோஸைக் கழற்றிவிடுங்கள். டிரம் ஹோஸைக் கையில் பிடித்து வால்வைத் திறந்து, தண்ணீர் தடையில்லாமல் வரும்போதே மெஷினின் உள்வாயில் மாட்டுங்கள். கொஞ்சம் நனைவீர்கள். ஹோஸ் டிரம்மிலிருந்து மெஷின் வரை ஒரே சரிவாக இறங்க வேண்டும், நடுவில் ஒட்டக முதுகு மாதிரி எங்கேயும் எழும்பக் கூடாது, எழும்பினால் அந்த மேட்டில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது மோட்டாரைப் போடுங்கள். வெளிவாயிலிருந்து முதலில் துப்பும், நுரையாக வரும், பிறகு குமிழி இல்லாமல் ஒரே ஓட்டமாக வரும். வந்ததும் நிறுத்திவிட்டு பிரஷர் ஹோஸை மாட்டுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் தொடர்ந்து ஓட்டாதீர்கள், தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பின் சீல் தேய்ந்துபோகும். அணைத்துவிட்டு ஜாயிண்டுகளைப் பாருங்கள்.

தண்ணீர் போதுமான அளவு வருகிறதா என்று சந்தேகம் இருந்தால் மெஷின் பக்கம் மாட்டும் கனெக்டரோடு ஹோஸை 15 லிட்டர் வாளியில் விடுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். டிரம் கால்வாசி இருக்கும்போது பார்ப்பதுதான் சரியான பரீட்சை.

உள்வாயில் ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கும், தண்ணீர் வேகமாக வரட்டும் என்று அதைக் கழற்றி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போர் தண்ணீர் மணலோடு வரும் ஏரியாவில் இது பம்புக்குச் சங்கு ஊதுவது.

கரண்ட்

1500 வாட் மெஷின் 230 வோல்ட்டில் சுமார் ஆறரை ஆம்பியர் எடுக்கும். ஆறு ஆம்பியர் சின்ன பிளக்கில் அடாப்டர் போட்டு ஓட்டாதீர்கள், 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் என்றால் எர்த் உள்ள மூன்று கோர் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர், ரீலில் சுற்றியபடி இல்லாமல் முழுவதும் பிரித்துப்போட்டு, ஜாயிண்ட் ஈரத் தரையில் கிடக்காமல். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லையென்றால் முதலில் அதைப் போட்ட பிறகு மற்றது.

காமன் மீட்டரில் கை வைப்பதற்கு அசோசியேஷன் செகரட்டரி முறைத்தால் கணக்கைச் சொல்லுங்கள்: 1500 வாட், பத்து நிமிடம், கால் யூனிட். எங்கள் பிளாக்கில் இது செல்லுபடியானது.

கழுவும்போது

விசிறி மாதிரி விரியும் நாசில், பெயிண்டிலிருந்து ஒரு அடி தூரம். சுழலும் நாசில் சிமெண்ட் தரைக்கு மட்டும். டயரின் பக்கவாட்டில் கிட்டே பிடிக்காதீர்கள். பைக் என்றால் செயின், வீல் பேரிங், சாவித் துவாரம், சைலன்ஸர் வாய் இவற்றில் நேரே அடிக்கக் கூடாது. காலில் ஒட்டிய சேற்றை இதால் கழுவும் பழக்கம் சிலருக்கு உண்டு, இந்த வேகத்தில் தண்ணீர் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும்.

முடித்ததும் மோட்டாரை அணைத்து, வால்வை மூடி, ட்ரிகரை ஒருமுறை அழுத்தி உள்ளிருக்கும் அழுத்தத்தை விட்ட பிறகே எதையும் கழற்றுங்கள்.

பின்சேர்க்கை

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் தண்ணீர் குறைந்து டிரம்மின் வயிறு உள்வாங்குகிறது என்று ஒருவர் படம் அனுப்பியிருந்தார். மூடியை ரிங் போட்டு இறுக்கமாக மூடியிருக்கிறார். தண்ணீர் வெளியே போகும்போது காற்று உள்ளே வர வழி வேண்டும். மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, கொசு முட்டையிடாமல் இருக்க வலைத்துண்டு ஒட்டிவிடுங்கள்.

ட்ரிகரை விட்ட பிறகும் மோட்டார் சில விநாடிக்கு ஒருமுறை தானாக உறுமி நிற்கிறது என்று இன்னும் சிலர். எங்கேயோ அழுத்தம் கசிகிறது என்று அர்த்தம். முதலில் பிரஷர் ஹோஸின் இரண்டு முனையிலும் இருக்கும் ஓ-ரிங்கைப் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், சில ரூபாய்தான். அதிலும் நிற்கவில்லை என்றால் கசிவு பம்புக்குள் இருக்கலாம், அது சர்வீஸ் வேலை.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு: 2024 மார்ச்சில் அங்கே குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. மழைத்தண்ணீரைப் பிடித்து இந்த டிரம்மில் நிரப்பிக்கொள்ளுங்கள், உப்பு இல்லாததால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியும் விழாது. மொட்டை மாடியிலிருந்து பிடித்தால் துணி போட்டு வடிகட்டி ஊற்றுங்கள், முதல் மழைத்தண்ணீரை விட்டுவிடுங்கள்.