வால்பாறை மலைக்குப் பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு மெக்கானிக் சொல்வது

ஆழியாறு அணையைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் எண் பலகை உண்டு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர்தான், ஆனாலும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நான் பொள்ளாச்சிப் பக்கம் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மலை இறங்கி நேராக என்னிடம் வரும் வண்டிகளில் டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கும், பிரேக் ஷூ கருகிய நாற்றம் அடிக்கும். ஏறும்போது பழுதானவை குறைவு. அதனால் இறக்கத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதல் நாளே பிரேக், செயின் தொய்வு, டயர் பட்டன் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கிரிப் வேண்டும் என்று காற்றைக் குறைக்க வேண்டாம். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு காற்று என்று வண்டி ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும், அதுதான் கணக்கு. முன் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டிஸ்க் கொதிக்கும்போது அந்த ஈரம் ஆவியாகிவிடும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். லீவர் கைப்பிடி வரைக்கும் வரும், வண்டி நிற்காது. டாங்க்கைப் பொள்ளாச்சியிலேயே நிரப்புங்கள், இ-பாஸையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். மாலைக்கு மேல் செக்போஸ்டில் பைக்குகளை விடமாட்டார்கள். நேரம் அவ்வப்போது மாறும், போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் ஒரே விதி: வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி வளைவில் கிளட்ச் பிடித்தால் வண்டி தடுமாறும், பின்னால் ஆள் இருந்தால் கால் ஊன்றுவதற்குள் சாய்ந்துவிடும். 100, 125 சிசி வண்டி என்றால் தயங்காமல் முதல் கியர். இடது பக்கம் திரும்பும் வளைவில் உள் ஓரம்தான் மிகச் செங்குத்து. அதை ஒட்டிப் போகாமல் உங்கள் பாதியின் நடுவில் ஏறுங்கள். வலது பக்க வளைவு அகலமானது, குறுக்கே வெட்டிப் போகத் தோன்றும். வெட்டாதீர்கள், இறங்கி வருகிற வண்டியின் இடம் அது. முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டாமல், வளைவு முடியும் இடத்தைத் தலையைத் திருப்பிப் பாருங்கள். வண்டி அங்கே போகும்.

பஸ் வருகிறதென்றால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பஸ் திரும்புவதற்கு முழு ரோடும் தேவைப்படும், அதன் பின்பகுதி உள் பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். அந்த உள் பக்கத்தில் பைக் நிற்கக் கூடாது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்று சட்டம் இருக்கிறது. இருந்தாலும் பஸ்ஸோடு உரிமை பேசாதீர்கள். பஸ்ஸும் லாரியும் திரும்பும் இடங்களில் டீசல் சிந்தியிருக்கும், கண்ணை ரோட்டிலும் வையுங்கள்.

9ஆவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். ஆழியாறு அணை முழுதாகத் தெரியும். வரையாடு அந்தப் பாறைகளில் மிக அருகில் நிற்கும். பார்க்க நிறுத்தலாம், தின்பதற்கு எதுவும் கொடுக்காதீர்கள். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், ரோட்டைக் கடக்கும். அவை அடிபடாமல் போக மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாய்களில் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாம் போடும் ஒரு பிஸ்கட் அவற்றை மரத்திலிருந்து மறுபடி தாருக்கு இறக்கிவிடுகிறது. எனக்கு இதில் கோபமே உண்டு.

யானையைத் தூரத்தில் பார்த்தாலே நிறுத்துங்கள். ஹாரன், ஹைபீம், செல்ஃபி எதுவும் வேண்டாம். பைக்கைச் சரிவில் திருப்ப நேரம் பிடிக்கும், அந்த நேரத்துக்கு இடைவெளி வேண்டும். பச்சைச் சாணமோ ஒடிந்த மூங்கிலோ கிடந்தால் வேகத்தைக் குறைத்து நிதானமாகப் போங்கள். வால்பாறைப் பகுதியில் சில இடங்களில் உயரத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யானை இருந்தால் செல்போன் மூலம் அதை எரிய விடுவார்கள். இந்த ஏற்பாட்டுக்காக ஆய்வாளர் ஆனந்த குமாருக்கு 2015இல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. அந்த விளக்கு எரிந்தால் எஸ்டேட் ஆட்களிடம் கேட்டுவிட்டு நகருங்கள்.

கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் சட்டென்று மூடும். லோபீம் போதும், ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் ரோட்டோரம் பாசி பிடித்துக் கிடக்கும், உதிர்ந்த இலை அதைவிட வழுக்கும். அதுபோன்ற இடத்தில் வண்டி சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

இப்போது இறக்கம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்புங்கள், வெளிச்சத்திலேயே ஆழியாறு வந்துவிடலாம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களும், எஞ்சினை அணைத்து உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி வந்தால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். பிரேக்கை மிதித்தபடியே வராமல், வளைவுக்கு முன் நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டுத் திரும்புங்கள். விட்ட நேரத்தில்தான் அது ஆறும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு. ஸ்கூட்டர்காரர்கள் சில வளைவுகளுக்கு ஒருமுறை அகலமான இடம் பார்த்து நிறுத்தியே ஆக வேண்டும். லீவர் மெத்தென்று ஆகிவிட்டாலோ, கருகல் வாசம் வந்தாலோ உடனே ஓரம் கட்டிக் கால் மணி நேரம் ஆற விடுங்கள்.

அடிவாரம் வந்ததும் சூட்டோடு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். டீ குடித்துவிட்டு வந்து லீவரை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கிளம்பலாம். இன்னமும் உள்ளே போகிறதென்றால் பொள்ளாச்சி வரை 30ஐத் தாண்டாமல் வந்து, ஊருக்குத் திரும்புமுன் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரேக் ஆயிலை மாற்றிக்கொள்ளுங்கள்.