ஆஸ்ட்ரகாட் வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்ட்ரகாட் என்பது இரட்டை ஓட்டுக்குள் வாழும் பொடி நீர்ப்பிராணி, நண்டு இறால் கூட்டம். அதன் புதைபடிவ ஓட்டுக்காகப் பெரம்பலூர் பக்கத்துக் காரை ஊர்க் களிமண்ணைச் சாக்கில் கட்டி ஊட்டிக்குக் கொண்டுவந்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மாணவர்கள் வருடா வருடம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். லேபிள் எழுத மறப்பதெல்லாம் ஒருமுறை பட்டால் திருந்திவிடும். அதை விடுங்கள்.

ஊட்டியிலேயே தேடுவது

கிடைக்காது. இங்கே இருப்பது சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய சார்னோக்கைட் என்ற, புதைபடிவமே இல்லாத கடும்பாறை. டைனோசர் காலமான கிரெட்டேசியஸின் கடற்படிவு வேண்டுமென்றால் அரியலூர், பெரம்பலூர் பக்கம் இறங்குங்கள்.

குஞ்சுக்குத் தனிப் பெயர் வைப்பது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஆஸ்ட்ரகாட் நண்டைப் போல ஓட்டைக் கழற்றிக் கழற்றி வளரும். பொடோகோப்பிட் என்ற பெரும்பிரிவில் பொதுவாக எட்டு இளநிலைகள், ஒன்பதாவதுதான் முதிர்ந்தது. கழற்றிய ஓடெல்லாம் சேற்றில் தங்கும். ஒரே இனத்தின் நான்கு அளவுகளை எடுத்து நான்கு இனமாக அட்டவணை போட்டால், அதன்பின் எத்தனை இனம் என்று எழுதும் பன்மைக் கணக்கு முழுக்கக் குப்பை.

ஒவ்வொரு முறை கழற்றும்போதும் நீளம் ஏறக்குறைய 1.26 மடங்காகும். முதிர்ந்தது 0.80 மி.மீ. என்றால் அதற்கு முந்தையவை 0.63, 0.50, 0.40 என்று இறங்கும். முப்பது நாற்பது ஓடுகளின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து கிராஃபில் புள்ளி வையுங்கள். கொத்துக் கொத்தாகப் பிரிந்து ஒரே சரிவில் நின்றால், அது ஒரே இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதிர்ந்த கொத்து மட்டும் இரண்டாகப் பிளந்தால் அவசரப்படாதீர்கள், ஆணும் பெண்ணுமாக இருக்கலாம்.

பிறகு ஓட்டின் உட்புறம். இளசில் விளிம்புத் தகடு குறுகல், இரண்டு ஓடும் சேரும் கீல் எளிமையானது, பின்பக்கம் கூம்பியிருக்கும். மண் அடைத்து மூடிய ஜோடி ஓட்டில் இதெதுவும் தெரியாது; பிரிந்த ஒற்றை ஓட்டைப் பொறுக்கி, ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, கீழிருந்து வெளிச்சம் கொடுங்கள். ஓட்டை மூடும் தசை ஒட்டியிருந்த தழும்பும் அப்போதுதான் தெரியும்: சைத்தெராய்டு என்ற பிரிவில் செங்குத்தாக நான்கு, சைத்தெரெல்லா என்ற பேரினத்தில் இரண்டு வரிசை.

முன்பின் மாறிப்போவது

பருத்த முனைதான் முன்பக்கம் என்று நம்பாதீர்கள். சைத்தெரெல்லாப் பெண்ணுக்குப் பின்பக்கம்தான் பருக்கும். கண்புடைப்பு இருந்தால் அதுதான் முன். இடவலம் தீர்மானிக்காமல் எந்த ஓடு பெரிது என்றும் எழுதாதீர்கள்: சைத்தெரெல்லாவில் வலது, பெய்ர்டியா என்ற பேரினத்தில் இடது.

அமிலத்தில் கழுவுவது

ஓடு கால்சைட், அதாவது சுண்ணாம்புக் கனிமம். கரைந்துவிடும்.

பெரிய சல்லடை மட்டும்

63 மைக்ரான் கண் உள்ள சல்லடையும் வேண்டும்.

மலை ஈரம்

ஜூன், ஜூலையில், ஓட்டை ஸ்லைடில் ஒட்டும் டிராககாந்த் பசையில் பூஞ்சை ஏறி, ஒட்டிய ஓட்டை மூடிவிடும். பசை கரைக்கும்போதே சில சொட்டு கிராம்பு எண்ணெய் விடுங்கள். ஸ்லைடுகளை மரப்பெட்டியில் அடைக்க வேண்டாம். ஈரத்தில் மரம் விடும் அமில ஆவி ஓட்டை வெள்ளைத் தூளாக அரிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.