பாஸ் மீன்பிடிப் போட்டி: சொந்தப் படகு இல்லாமல் தொடங்குவது எப்படி?

அமெரிக்காவில் ஏரியோரம் குடியிருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை விடிவதற்குள் படகுத்துறையில் டிரக்குகள் வரிசைகட்டி நிற்கும், ஒவ்வொன்றின் பின்னாலும் பளபளக்கும் பாஸ் படகு ஒன்று, பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டிக்காக. அந்தப் படகின் விலையைக் கேட்டதுமே 'இது நமக்குச் சரிவராது' என்று ஒதுங்கிவிடுபவர்கள் நிறைய பேர். ஒதுங்கத் தேவையே இல்லை. படகில்லாத புதியவருக்கும் அங்கே இடமுண்டு: விவரம் தெரிந்த ஒருவரின் படகில் பின்பக்கம் நின்று நாள் முழுக்கத் தூண்டில் போடலாம். ஒரு சீசன் கரையில் பழகுங்கள், அடுத்த சீசனே அந்தப் பின்பக்கத்தில் ஏறிவிடுங்கள். படகு வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில் ஒரு லாபமும் இல்லை.

முதலில் மீன்

போட்டிகளில் எடைக்கு வருவது பெரும்பாலும் லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத், ஸ்பாட்டட் என்ற மூன்று வகை பாஸ். வாய் மூடியிருக்கும்போது மேல்தாடையின் முனை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் அது லார்ஜ்மவுத். ஸ்மால்மவுத்துக்கு அவ்வளவு தூரம் போகாது, உடம்பும் வெண்கல நிறத்தில் செங்குத்துப் பட்டைகளோடு இருக்கும். இதைச் சரியாகப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே ஏரியில் வகைக்கு வகை குறைந்தபட்ச நீளம் மாறலாம்.

லார்ஜ்மவுத் மறைவில் காத்திருந்து பாயும் மீன். விழுந்து கிடக்கும் மரம், படகுத்துறைத் தூண்களின் நிழல், பாசித் திட்டின் விளிம்பு, ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை, இவைதான் அதன் இருப்பிடம். வெட்டவெளித் தண்ணீரில் கண்டபடி வீசிக்கொண்டிருந்தால் கை வலிக்கும், அவ்வளவுதான்.

இடத்தைப் போலவே நீரின் வெப்பமும் முக்கியம். வசந்தத்தில் நீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது பாஸ் மீன்கள் முட்டையிட ஆழமற்ற பகுதிக்கு வரும். ஆண் மீன் வாலால் அடிமண்ணைத் துடைத்துக் கூடு கட்டி, முட்டைகளுக்குக் காவல் நிற்கும். புதியவருக்குக் கரையிலிருந்தே நல்ல மீன் கிடைக்கும் பருவம் இது. கோடையில் விடியற்காலையும் அந்தியும் கரையோரம், நடுப்பகலில் ஆழம் அல்லது அடர்ந்த நிழல். இலையுதிர்காலத்தில் ஷாட் என்னும் சிறு மீன் கூட்டங்கள் ஓடைகளுக்குள் நகரும், பாஸும் பின்னாலேயே போகும்.

எவ்வளவு பெரிதாக வளரும் என்று கேட்கிறீர்களா? 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி பிடித்த லார்ஜ்மவுத் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அது உலக சாதனை. 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல் எடையுள்ள ஒரு மீன் பிடித்தார். முந்திய சாதனையை இரண்டு அவுன்ஸாவது தாண்டினால்தான் முறியடித்ததாகக் கணக்கு, அதனால் இருவரும் சமம் என்று அறிவித்தார்கள். நமக்கு ஆரம்பத்தில் 2 பவுண்டு மீன் வந்தாலே நல்ல மீன்தான்.

உரிமம்

மாநில மீன்பிடி உரிமம் இல்லாமல் தூண்டில் போடாதீர்கள். மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்திலேயே சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். பல மாநிலங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள் உரிமமில்லாமல் மீன்பிடிக்க அனுமதிக்கின்றன. பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்க அந்த நாட்கள் தோது. எல்லையோர ஏரிகளில் இரண்டு மாநிலங்களின் உரிமமும் தேவைப்படலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு செட் போதும்

கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கக் கலர் கலராக லூர்கள், அதாவது செயற்கை இரைகள், தொங்கும். எல்லாம் வேண்டும் போலத்தான் இருக்கும். முதல் சில மாதங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: 7 அடி மீடியம் ஸ்பின்னிங் ராட் (தூண்டில் கோல்), 2500 அல்லது 3000 அளவு ரீல், அதில் 10 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு (தூண்டில் நூல்), முனையில் ஒரு ஆள் உயரத்துக்கு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு. பெய்ட்காஸ்டிங் ரீல் அப்புறம் பார்க்கலாம். அதில் சுருளைக் கட்டைவிரலால் அடக்கத் தெரியாவிட்டால் நரம்பு சிக்கிக்கொண்டு, வீசும் நேரத்தைவிடச் சிக்கெடுக்கும் நேரம் அதிகமாகிவிடும்.

லூர் வகையில் 5 அங்குல மென்பிளாஸ்டிக் புழுக்கள் ஒரு பாக்கெட். தெளிந்த நீருக்குப் பச்சை கலந்த பழுப்பு, கலங்கிய நீருக்குக் கறுப்பும் நீலமும். கூடவே 3/0 அளவு ஆஃப்செட் முள், நடுவில் துளையுள்ள, தோட்டா வடிவக் கால் அவுன்ஸ் ஈயக்குண்டு.

டெக்சஸ் ரிக் கோப்பது

முள்ளின் கூர்முனையைப் புழுவுக்குள் மறைத்துக் கோக்கும் முறைதான் டெக்சஸ் ரிக். இதை வீட்டிலேயே உட்கார்ந்து கைபழகும்வரை செய்து பாருங்கள். முதலில் ஈயக்குண்டை நரம்பில் கோத்துக்கொள்ளுங்கள், கூர்முனை ராட் பக்கம் பார்க்கட்டும். அப்புறம் முள்ளைக் கட்டுங்கள். பாலோமார் முடிச்சு எளிது, உறுதியானது. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள், உலர்ந்த நரம்பு உராய்வில் சூடேறிப் பலமிழக்கும்.

இப்போது புழு. முள்ளின் கூர்முனையைப் புழுவின் தலையில் நேர் நடுவாக ஏற்றி, கால் அங்குலம் உள்ளே போனதும் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் கண் தலைக்குள் மறையும்வரை இழுங்கள். முள்ளை அரை வட்டம் திருப்பினால் கூர்முனை புழுவின் உடலைப் பார்க்கும். புழுவை முள்ளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு எந்த இடத்தைத் தொடுகிறதென்று விரல்நகத்தால் அடையாளம் செய்து, அங்கே நேராகக் குத்தி மறுபக்கம் எடுங்கள். கடைசியாகக் கூர்முனையை மேல்தோலில் லேசாக மறைத்துவிடுங்கள். புழு கம்பி மாதிரி நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் நீரில் சுழலும், நரம்பு முறுக்கும், மீன் கிட்டே வராது. கோணியிருந்தால் கழற்றி மறுபடி கோத்துவிடுங்கள்.

முள் மறைந்திருப்பதால் பாசியிலும் கிளையிலும் எளிதில் மாட்டாது. புதியவருக்கு இதை நான் பரிந்துரைக்கக் காரணமே அதுதான்: மீன் இருக்கும் இடத்துக்குள்ளேயே தைரியமாகப் போடலாம்.

கடியைப் படிப்பது

வீசியதும் ரீலைச் சுற்ற ஆரம்பிக்காதீர்கள். புழு அடியில் போய் உட்காரட்டும். நிறையக் கடிகள் அது இறங்கும்போதே வரும், அதனால் கண் நரம்பின் மேலேயே இருக்க வேண்டும். அடி தொட்டதும் ராட் நுனியை மெதுவாக ஒரு அடி தூக்கி, மறுபடி இறங்கவிடுங்கள். தொய்வை மட்டும் சுற்றிக்கொள்ளுங்கள்.

கடி எப்போதும் பலமாக வராது. 'டக்' என்று ஒரு தட்டு, சில சமயம் அதுவும் இருக்காது, நரம்பு பக்கவாட்டில் நகரும், அல்லது இறங்க வேண்டிய புழு பாதியிலேயே நிற்கும். உடனே ராட் நுனியைத் தாழ்த்தித் தொய்வைச் சுற்றி எடுத்து, ஒரே சுண்டாக மேலே சுண்டுங்கள்.

மீனைக் கையிலெடுக்கும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பைத் துடைத்துவிடும். கட்டைவிரலைக் கீழுதட்டுக்குள் வைத்து நேர் செங்குத்தாகத் தூக்கலாம். பெரிய மீனென்றால் இன்னொரு கையை வயிற்றுக்கடியில் கொடுங்கள். தாடையை மட்டும் பிடித்துப் படுக்கை வாக்கில் தூக்கினால் தாடை எலும்பு பாதிக்கப்படும், அந்த மீனால் அப்புறம் சரியாக இரை பிடிக்க முடியாது.

எந்தப் போட்டி?

இன்றைய போட்டி முறைக்கு அடித்தளம் போட்டவர் ரே ஸ்காட். 1967ல் ஆர்கன்ஸாவின் பீவர் ஏரியில் அவர் நடத்திய போட்டியிலிருந்துதான், மீனின் பெயரையே கொண்ட 'பாஸ்' (B.A.S.S.) என்ற போட்டி அமைப்பே வளர்ந்தது. 1972ல் 'பிடித்ததைக் கொல்லாதே' என்ற இயக்கத்தையும் அவர் தொடங்கினார். மீனைப் படகிலுள்ள நீர்த்தொட்டியில் உயிரோடு வைத்து, எடைபோட்டு, ஏரியிலேயே விட்டுவிடும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது.

அமெச்சூருக்குப் பல வாசல்கள் உண்டு. உள்ளூர் கிளப் போட்டிகளில் செலவு குறைவு, முகங்களும் பழகிவிடும். பல கிளப்புகள் அந்த அமைப்பின் 'பாஸ் நேஷன்' வலைப்பின்னலில் இருக்கின்றன. அந்த வழியாகப் படிப்படியாக ஏறினால், அந்த அமைப்பின் உச்சப் போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் வரைக்கும் போகலாம். 1994ல் பிரையன் கெர்ச்சல் அப்படிக் கிளப்பிலிருந்து ஏறி வந்து கிளாசிக்கையே வென்றார், அந்த வழியில் வந்து வென்ற முதல் ஆள் அவர்தான். இன்னொரு வாசல் பிஎஃப்எல் (Bass Fishing League) போன்ற வார இறுதித் தொடர்கள். இவற்றில் படகுக்காரர் ஒரு பிரிவு, கோ-ஆங்லர் தனிப் பிரிவு. கோ-ஆங்லர் என்பவர்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன பின்பக்கத்து ஆள். யார் யாரோடு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள், நீங்கள் போட்டியிடுவது மற்ற கோ-ஆங்லர்களோடு மட்டும். காயாக் என்னும் சிறு துடுப்புப் படகுப் போட்டிகளும் இப்போது நிறைய நடக்கின்றன. அங்கே எடை கிடையாது. அளவுப்பலகையில் மீனை வைத்துப் போட்டோ எடுத்து உடனே விட்டுவிடலாம், அங்குலக் கணக்கில் வெற்றி.

கோ-ஆங்லர் வழியைத்தான் நான் முதலில் சொல்வேன். ஒரு நாள் முழுக்க இன்னொருவர் எங்கே போகிறார், எப்போது இடம் மாற்றுகிறார் என்று பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். காசு கொடுத்தாலும் இப்படி ஒரு வகுப்பு எளிதில் கிடைக்காது. நுழைவுக் கட்டணத்தோடு 'பெரிய மீன்' பந்தயப் பணமும் சேர்க்கிறீர்களா என்று கேட்பார்கள். அது கட்டாயமில்லை, முதல் முறை விட்டுவிடுங்கள்.

விதிகளை இரண்டு முறை படியுங்கள்

பொதுவாக 5 மீன்களின் மொத்த எடைதான் கணக்கு, சில தொடர்களில் கோ-ஆங்லருக்கு 3. அதற்கு மேல் பிடித்தால் சிறியதை விட்டுவிட்டுப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். செயற்கை இரை மட்டும், உயிருள்ள இரை கூடாது. ஏரியைப் பொறுத்து 12, 14 அங்குலம் என்று குறைந்தபட்ச நீளம் இருக்கும், பலகையில் வாயை மூடி வைத்து அளக்க வேண்டும். கோட்டைத் தொடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள், குட்டை மீனைக் கொண்டுபோனால் அபராதம். செத்த மீனுக்கும் சில அவுன்ஸ் கழிப்பார்கள். தாமதமாகத் திரும்பினால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு எடை கழிப்பது பல போட்டிகளில் வழக்கம். போட்டிக்கு முன் சில நாட்கள் ஏரி தடைசெய்யப்படலாம், அடுத்தவரிடம் இடம் விசாரிப்பதே விதிமீறலாகவும் இருக்கலாம்.

பெரிய மோட்டார் ஓடும்போது உயிர்காப்பு ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். 26 அடிக்குக் குறைவான படகுகள் வேகமெடுத்து ஓடும்போது, ஓட்டுபவர் என்ஜின் நிறுத்தும் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் கூட்டரசுச் சட்டமே சொல்கிறது. படகுக்காரர் மறந்தால் நினைவுபடுத்தத் தயங்காதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போட்டி நாள்

முந்தின இரவே படகுக்காரருக்குப் போன் செய்து நேரம், இடம் பேசிவிடுங்கள். மூன்று ராட், ஒரே ஒரு பை, மழைச்சட்டை, தண்ணீர், சாப்பாடு. இதற்கு மேல் தூக்கிக்கொண்டு போனால் அவர் படகில் கால்வைக்க இடமிருக்காது. பெட்ரோலுக்கு உங்கள் பங்கைக் கேட்காமலே கொடுங்கள்.

படகில் முன்பக்கம் அவருடையது. எங்கே போவது, எவ்வளவு நேரம் நிற்பது எல்லாம் அவர் முடிவு. அவருக்கு முன்னால் உள்ள நீரில் உங்கள் தூண்டில் விழக்கூடாது. அவருக்கு மீன் மாட்டினால் உங்கள் ராடைக் கீழே வைத்துவிட்டு வலையோடு நில்லுங்கள். அவருடைய இடத்துக்கு அடுத்த வாரம் தனியாகப் போய்விடாதீர்கள்.

அப்படியென்றால் அவர் அடித்துவிட்டுப் போன நீரில் நமக்கு என்ன மிச்சம்? நிறையவே இருக்கிறது. முன்னால் நிற்பவர் பெரும்பாலும் வேகமாக நகர்ந்து, பாயும் மீனைத் தேடுவார். அவர் ஸ்பின்னர்பெய்ட்டை (சுழலும் தகடுள்ள லூர்) விறுவிறுவென்று இழுத்தால் நீங்கள் அதையே செய்யாதீர்கள். ஈயமே இல்லாமல், புழுவின் நடுவில் முள் குத்திய வாக்கி ரிக்கைப் போட்டு அதுவாக இறங்கவிடுங்கள். துரத்திப் பிடிக்க மனமில்லாத மீன், கண்ணெதிரே மெல்ல நடுங்கிக்கொண்டு இறங்கும் புழுவை விடாது. படகுத்துறைத் தூண்களில் அவர் முன்புறம் போட்டால் நீங்கள் பின்பக்க மூலையில், இன்னும் உள்ளே நிழலுக்குள் போடுங்கள். பின்பக்கத்திலிருந்து மீன் எடுப்பவர்கள் எடுப்பது இப்படித்தான், முன்னால் போகாத வேகத்தில், முன்னால் போடாத இடத்தில்.

தராசு வரை உயிரோடு

மீனைத் தொட்டியில் விட்டதும் வேலை முடிந்துவிடாது. கோடையில் காற்றுப் பம்பு நிற்காமல் ஓட வேண்டும். பனிக்கட்டி போட்டுக் குளிர்விக்கலாம், ஆனால் ஏரி நீரைவிட 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் குறைத்தால் மீனுக்கு அதிர்ச்சி. ஆழத்திலிருந்து வந்த மீன் வயிறு மேலாகப் புரண்டு மிதந்தால் அதன் காற்றுப்பை வீங்கியிருக்கிறது என்று பொருள். ஊசியால் காற்றை வெளியேற்ற ஒரு முறை உண்டு, தெரிந்தவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். தராசுக்கு எடுத்துப்போகும் பையில் மீன் மூழ்கும் அளவு நீர் இருக்கட்டும். முன்னால் வரிசை நீளமாக இருந்தால் மீனைப் பைக்கு மாற்றாமல் தொட்டியிலேயே வைத்திருங்கள், கூப்பிடும்போது எடுத்தால் போதும்.

எடை முடிந்ததும் வண்டியேறும் முன் ராட், வலை, செருப்பு எல்லாவற்றிலும் ஒட்டியுள்ள பாசியைக் கழுவி உலர்த்துங்கள். படகின் நீர்த்தொட்டியையும் அடித்தண்ணீரையும் வடிக்கப் படகுக்காரருக்குக் கைகொடுங்கள். சீப்ரா மஸ்ஸல் என்னும் அந்நியச் சிப்பிகள் இந்த ஈரத்தில்தான் ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. பல மாநிலங்களில் நீர் வடிக்காமல் படகை ரோட்டில் ஏற்றினால் அபராதமும் உண்டு.